கிள்ளை நரியின் கொம்பு

2009-ல் நான் கடலூரில் கால்நடை மருத்துவனாக இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சிதம்பரம் பக்கத்துக் கிள்ளையிலிருந்து வனக்காவலர் போன் செய்தார். அங்கே வனத்துறைக் கூண்டில் ஒரு பெண் நரியை வைத்துப் பராமரித்தார்கள். குட்டியிலேயே வண்டியில் அடிபட்டு ஒரு பின்னங்கால் போய்விட்டதால் அதை வெளியே விட முடியவில்லை.

"சார், நரிக்குக் கொம்பு மொளச்சிருக்கு. ஒடனே வாங்க."

அவர் குரல் சற்றுப் பெரியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சானுக்கும் கேட்டுவிட்டது. என் மனைவியின் தம்பி அவன். திருப்பாதிரிப்புலியூரில் செல்போன் கடை வைத்திருந்தான். நரிக்கொம்பு கையில் இருந்தால் அதிர்ஷ்டம் கொட்டும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. நரிக்குக் கொம்பே கிடையாது என்ற உண்மை அந்த நம்பிக்கையை இதுவரை ஒன்றும் செய்ததில்லை.

"மாமா, நானும் வரேன்" என்று பாதி இட்லியோடு எழுந்துவிட்டான்.

"கடை?"

"அது எங்க போவப்போவுது?"

கிள்ளையில் கூண்டைச் சுற்றிக் கூட்டம். ஒரு அம்மா தன் பிள்ளையின் பரீட்சை ஹால் டிக்கெட்டை நரிக்குக் காட்டிக்கொண்டிருந்தார். நரி அதைத் தின்ன முடியுமா என்று மோந்து பார்த்தது.

இரண்டு காதுகளுக்கும் நடுவே, சுண்டுவிரல் நுனி அளவுக்குக் கறுப்பாக, கெட்டியாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. அடியில் தோல் தடித்துச் சிவந்திருந்தது. தோலில் வந்த கட்டி, மேலே காய்ந்து கொம்பு மாதிரி வளர்ந்திருக்கிறது. அது கெட்ட கட்டியாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று எனக்குக் கவலையாகிவிட்டது. சுற்றி நின்றவர்களில் வேறு யாருக்கும் அந்தக் கவலை இல்லை.

வலை போட்டுப் பிடித்து மயக்க ஊசி போட்டோம். கட்டியை அறுத்தெடுத்துத் தையல் போட்டு, பரிசோதனைக்குக் கெடாமல் இருக்க அதை ஃபார்மலின் பாட்டிலில் போட்டேன். பாட்டிலை மச்சான் கேட்காமலே வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். நரி விழித்துத் தள்ளாடி எழுந்து தண்ணீர் குடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினோம்.

பக்கத்து சீட்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னாங்க அது?" என்றார்.

"நரிக்கொம்பு" என்றான் மச்சான், பெருமையாக.

அவ்வளவுதான். முன் சீட்டிலிருந்து ஒரு கை வந்து பாட்டிலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. பின்னாலிருந்து இன்னொரு கை. கண்டக்டர் தன் தோல் பையை பாட்டில்மேல் ஒருமுறை தேய்த்துவிட்டு ரொம்ப மரியாதையாக டிக்கெட் கொடுத்தார். ஃபார்மலின் நெடியில் எல்லோருக்கும் கண் கலங்கியது. பார்ப்பவர்கள் பக்தி என்றே நினைத்திருப்பார்கள்.

சிதம்பரத்தில் எனக்குத் தெரிந்த மருத்துவர் ஒருவர் கட்டிகளைப் பரிசோதிக்கும் லேப் நடத்தினார். மனிதர்களுக்கான லேப்தான், எனக்காக ஒப்புக்கொண்டிருந்தார். வரவேற்பில் இருந்த பெண்ணுக்கு அது தெரியாது.

"பேஷண்ட் பேரு?"

"நரி."

"இனிஷியல்?"

"இல்லம்மா."

"வயசு?"

"ரெண்டு, மூணு இருக்கும்."

"ஐயோ, கொழந்தையா! சாப்புடுதா சார்?"

"நேத்து நாலு கோழித்தல சாப்புட்டுச்சு."

அந்தப் பெண் பேனாவை மெதுவாகக் கீழே வைத்தார்.

முடிவு வரும்வரை தினமும் கிள்ளைக்குப் போன் செய்தேன். தையல் ஆறுகிறது, தீனி ஜாஸ்தியாகக் கேட்கிறது என்றார் வனக்காவலர். நான்காம் நாள் ரிப்போர்ட் வந்தது. புற்று இல்லை. வெறும் மரு. எனக்கு வந்த நிம்மதியில் அன்று பிள்ளைகளுக்கு அல்வா வாங்கிப் போனேன்.

என் வீட்டு வாசலிலேயே மச்சான் காத்திருந்தான்.

"மாமா, மிச்சக் கொம்பு?"

"எரிச்சாச்சு. நரியோட முடிய வெச்சிருந்தாலே கேஸு. அதுவுமில்லாம அது கொம்பே இல்ல மச்சான், மரு. மனுசனுக்கு வர்ற மாதிரிதான்."

அவன் முகம் தொங்கிப்போனது. பிறகு மெல்ல சட்டைக் காலரை இறக்கி, பின்கழுத்தைக் காட்டினான். அங்கே மிளகு அளவில் ஒரு மரு.

"இந்த மாதிரியா மாமா?"

"ஏறக்குறைய."

அடுத்த வாரம் அதை எடுத்துவிட டாக்டரிடம் தேதி வாங்கியிருந்தான். போகவே இல்லை.