இருநூறு நாள் கடல்

டெராமான் படகை விற்று இரண்டு வருடமாகிவிட்டது. இப்போது மனைவி லிஜாவோடு சந்தையில் அரைத்த மீனை மாவோடு பிசைந்து உருட்டி, அவித்து விற்கிறார். ஆனால் தரகன் சுஹைமி கொடுத்த தாளின்படி அவர் போன வருடம் இருநூறு நாள் கடலில் இருந்திருக்கிறார். அடியில் ஊர்த் தலைவர் ஹாஜி தாலிபின் கையெழுத்தும் முத்திரையும். ஹாஜி சாவதற்கு முன்பே வாங்கி வைத்தது என்றான் சுஹைமி. அதைக் கொடுத்தால் அரசாங்கம் மீனவர்களுக்குத் தரும் மாத உதவி கிடைக்கும்.

“மீசையில உப்புகூட இல்ல, இருநூறு நாளாம்,” என்று லிஜா சிரித்தாள்.

பொய் என்று டெராமானுக்குத் தெரியும். கொடுத்தால்தானே குற்றம் என்று மனதைச் சமாதானப்படுத்தி, தாளை பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்து மூடினார்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் ஹாஜி இறந்த நூறாம் நாள் விருந்து. மழைக்காலக் கடல் இரைந்துகொண்டிருந்தது. டெராமானோடு ஒரே தாம்பாளத்தில் சாப்பிட உட்கார்ந்தவர்கள் போலீஸ்காரர் ரொஸ்லானும் ஹாஜியின் மகன் நஸ்ரியும். நஸ்ரிதான் இப்போது ஊர்த் தலைவர்.

பக்கத்து ஊரில் கள்ளத் தாளோடு இரண்டு பேரைப் பிடித்த கதையை ரொஸ்லான் சொன்னார். அவர்கள் அதை இன்னும் எங்கும் கொடுக்கவில்லையாம்.

“கொடுக்கணும்னு இல்ல. பொய்னு தெரிஞ்சே, அரசாங்கத்த ஏமாத்த வெச்சிருந்தா போதும். உள்ளதான்.”

டெராமான் சோற்றை வெறுமனே பிசைந்துகொண்டிருந்தார். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அந்தத் தாளை எரித்துவிட வேண்டும்.

நஸ்ரி மீன் குழம்பை அவர் பக்கம் நகர்த்தினார். “அண்ணே, அடக்கத்தப்ப குழிக்குள்ள எறங்கி அப்பாவ வாங்கினது நீங்கதானே. அன்னைக்கி என்ன தேதி?”

பேச்சு மாறியதில் டெராமானுக்கு நிம்மதி. “ஆகஸ்ட் பன்னண்டு, வியாழக்கெழம. மறக்க முடியுமா?”

நஸ்ரி தலையசைத்தார். ரொஸ்லான் பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவப் போனார்.

வீட்டில் டப்பா காலியாக இருந்தது. காலையிலேயே நஸ்ரியிடம் கொடுத்துவிட்டதாக லிஜா சொன்னாள். பழைய தலைவர் இல்லையே, புதுத் தலைவர் முத்திரையும் விழுந்தால் பலமாக இருக்கும் என்று நினைத்தாளாம்.

“ரொம்ப நேரம் பாத்தாருங்க. அவங்கப்பா கையெழுத்துப் போட்ட தேதிய என்னையே படிக்கச் சொன்னாரு. ஆகஸ்ட் பத்தொம்போது.”

டெராமான் அப்படியே படியில் உட்கார்ந்தார். அந்தத் தேதியை அவர் ஒருமுறைகூடப் படித்ததில்லை. ஹாஜியின் மேல் மண் தள்ளிய கைகள் மடியில் கிடந்தன.

தென்னந்தோப்புக்கு அப்பால் ரொஸ்லானின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. டெராமானின் வாசலை நெருங்கியதும் அதன் வேகம் குறைந்தது.