மலாவி ஏரிக்கரையில கூடாரம் அடிச்ச அக்கா

இண்டைக்குப் பின்னேரம் மெட்ரோவில ஒரு தமிழ் அக்கா எனக்குப் பக்கத்தில வந்து இருந்தா. ஐம்பத்தைஞ்சு வயசிருக்கும். காலடியில பெரிய முதுகுப்பை, அதோட சுருட்டிக் கட்டின கூடாரம்.

எனக்குக் கேக்காமல் இருக்க ஏலாமல் போச்சு. "அக்கா, எங்க போட்டு வாறியள்?"

"ஆபிரிக்கா. சாம்பியாவில இருந்து மலாவி, பிறகு தான்சானியா. முழுக்க லொறியிலதான், சுற்றுலா ஆக்களை ஏத்திக்கொண்டு போற லொறி."

ஆள் மட்டக்களப்பு. இங்க முதியோர் இல்லத்தில வேலையாம். தனியப் போயிருக்கிறா.

"மலாவி ஏரிக்கு அக்கரை தெரியாது. கடல் மாதிரி அலை அடிக்கும், ஆனா உப்பில்லை. கரையில மூண்டு நாள் நிண்டம்."

"கூடாரத்தில படுக்கப் பயமில்லையோ?"

காலடியில கிடந்த கூடாரத்தை ஒருக்காத் தட்டினா.

"சின்னனில ரெண்டு வருசம் அகதி முகாமில கூடாரத்துக்குள்ளதான் இருந்தனாங்கள். மலாவியில கூடாரத்துக்குள்ள தலையை விட்டதும் அதே தறப்பாள் மணம். வெளியில வந்து கதிரையில இருந்திட்டன். பேந்து மழை பிடிச்சுது. வேற வழியில்லாமல் உள்ள போனன். நல்ல நித்திரை, தங்கச்சி! எழும்பேக்க வெயில் ஏறிட்டுது. இது நான் அடிச்ச கூடாரம், நினைச்ச நேரம் நானே கழட்டலாம் எண்டு அப்பதான் விளங்கிச்சுது."

உடன ஸ்கார்பரோவில இருக்கிற அண்ணைக்குப் போன் எடுத்து, "நான் காம்பில நிக்கிறன்" எண்டு சொன்னாவாம்.

அண்ணை பதறிப்போய், "எந்தக் காம்ப்? ஆர் பிடிச்சது? ஆமியோ?" எண்டு கேட்டாராம்.

நானும் அக்காவும் சிரிச்ச சிரிப்பில நான் இறங்க வேண்டிய இடமும் போச்சு.

உங்கட வீட்டில "காம்புக்குப் போறன்" எண்டால் முதல்ல என்ன கேப்பினம்?