குணசேகரனின் மூச்சில் வந்த வாடை

செவ்வாய்க்கிழமை காலை, பிரேயர் மணி அடிப்பதற்கு முன் தலைமையாசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "குணசேகரன் சார் தவறிட்டாராம்" என்றார். என் பாழாய்ப்போன மனசுக்கு முதலில் தோன்றியது, குடித்துவிட்டு எங்கே விழுந்தாரோ என்பதுதான். பதினோரு வருடம் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவன் நான். இந்த அஞ்சலிக் குறிப்பைப் படிக்கும், அவரை அறிந்த நீங்கள் என்னைத் திட்டலாம்.

எங்கள் கடலூர்ப் பள்ளியில் அவர் தாவரவியல், நான் விலங்கியல். தினமும் சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வருவார். செல் சுவாசம் நடத்தும் வாரத்தில் மட்டும் கையில் ஒரு ஃபிளாஸ்க் இருக்கும். டீ என்று நினைத்து ஒருமுறை திறந்துவிட்டேன். உள்ளே முளைகட்டிய பச்சைப்பயறு. வகுப்பில் பிள்ளைகளை அதற்குள் விரலை விடச் சொல்வார். "சூடா இருக்குது சார்" என்பார்கள். "அடுப்பு இல்ல, நெருப்பு இல்ல. ஒவ்வொரு செல்லும் சர்க்கரைய ஆக்சிஜன வெச்சு கொஞ்சம் கொஞ்சமா எரிக்குது. அதுலதான் அது உசிரோட இருக்குது. மிச்சந்தான் இந்தச் சூடு" என்பார். "வயித்துக்குள்ள போறது சோறு இல்லடா, செல்லுக்குள்ள போனாதான் சோறு." இதைச் சொல்லாமல் அவர் அந்தப் பாடத்தை முடித்ததில்லை.

இறப்பதற்கு முந்தின நாள், திங்கட்கிழமை, நாலு நாள் ஜுர விடுப்பு முடிந்து வந்திருந்தார். பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்தார். வாந்தி எடுத்தார். பேச்சு குழறியது. என் பக்கம் குனிந்தபோது மூச்சில் அழுகிய பழ வாடை. சரக்கு என்று முடிவுகட்டி நாற்காலியை நகர்த்திப் போட்டேன். மதியம், "மச்சான், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டில வுட்டுர்றியா? மூச்சு வாங்குது" என்றார். நானும் அவரை மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். அன்றைக்கு, "கிளாஸ் இருக்குது சார்" என்றேன். கிளாஸ் இல்லை.

பஸ் புதுச்சத்திரம் தாண்டும்போது நினைவிழந்திருக்கிறார். மறுநாள் விடிவதற்குள் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது.

சிதம்பரத்தில் அவர் வீட்டுக்குப் போனபோது, அவர் மனைவி விஜயா சொல்லித்தான், பல வருடமாக அவர் இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. எங்களிடம் மறைத்திருக்கிறார். "ஜுரத்துல ஒண்ணுமே எறங்கல சார். சாப்பிடாதப்ப ஊசி எதுக்குன்னு அவுரே நிறுத்திட்டாரு" என்றார் விஜயா.

இன்சுலின் இல்லாவிட்டால், ரத்தத்தில் சர்க்கரை நிரம்பிக் கிடந்தாலும் பெரும்பாலான செல்களுக்குள் அது போகாது. பட்டினி கிடக்கும் உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அதில் கீட்டோன்கள் பெருகி ரத்தம் அமிலமாகும். மூச்சில் பழ வாடை வரும். இதை இருபது வருடமாகக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவன் நானேதான். இரண்டு மதிப்பெண் கேள்வி. ஒரு மனிதர் அந்த வாடையோடு என் பக்கத்தில் வந்து நின்றபோது எனக்கு உறைக்கவில்லை. ஊசியை நிறுத்தும்போது அவருக்கும் தன் பாடம் ஞாபகம் வரவில்லை.

கிளம்பும்போது விஜயா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒடம்பு முடியலன்னு அன்னிக்கி போன் பண்ணாரு. பயப்படாத, மச்சான் வண்டில கொண்டுபோயி பஸ் ஏத்திவுடுவான்னாரு. நீங்கதான சார் ஏத்திவுட்டீங்க?"

"ஆமாங்க" என்றேன்.

"கூட ஒரு ஆளு இருந்தீங்களே, அது போதும் சார்."

குணசேகரன் நினைவாக என்னிடம் இருப்பது அந்த ஒரு 'ஆமாங்க'. அதை வைத்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை, விஜயா. நான் ஏற்றிவிடவில்லை. இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்து நின்று நின்று அவர் கேட் வரை தனியாக நடந்துபோனதை, ஆசிரியர் அறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.