ஆவுடைநாயகம் பிள்ளையின் தூசி எந்திரம்

ஆவுடைநாயகம் பிள்ளை சப் ரிஜிஸ்திராராக இருந்து ஓய்வு பெற்றவர். இருபத்தெட்டு வருஷ உத்தியோகத்தில் ஒரு நாளும் அவர் தப்புச் செய்ததில்லை. பத்திரத்தில் பிழை வந்தால் எழுதியவன் குருடன். மை கொட்டினால் மைக்கூட்டை நீட்டியவன் தடியன். வீட்டிலும் அதே சட்டம்தான். சோறு குழைந்தால் அடுப்பின் குற்றம், அடுப்பு புகைந்தால் விறகின் குற்றம், விறகு நனைந்தால் மனைவி பிரம்மநாயகியின் குற்றம்.

1912ஆம் வருஷம், சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரையின் வீட்டுச் சாமான்களைப் பாளையங்கோட்டையில் ஏலம் போட்டார்கள். பிள்ளை அங்கே தூசி உறிஞ்சும் எந்திரம் ஒன்றை எடுத்தார். அது உறிஞ்சுவதற்கு ஏதாவது வேண்டுமே என்று ஒரு கம்பளத்தையும் எடுத்தார். அதுவரை தெற்கு ரதவீதியிலிருந்த அவர் வீட்டில் கிடந்ததெல்லாம் பத்தமடைப் பாய்கள். வாசலில் இரண்டு உதறு உதறினால் அவற்றின் தூசி போய்விடும்.

எந்திரம் என்பது ஒரு மரப்பெட்டி. அடியில் தோல் துருத்தி, அதன் மேல் துணிப்பை, பக்கத்தில் நீண்ட கைப்பிடி. ஒருவர் பிடியை முன்னும் பின்னும் ஆட்டவேண்டும். துருத்தி காற்றை இழுக்கும். இன்னொருவர் ரப்பர் குழாயின் வாயைக் கம்பளத்தில் வைத்து நகர்த்தவேண்டும். தூசி வந்து பையில் தங்கும். காற்று துணியின் கண் வழியே கடந்துபோகும். பிடியை ஆட்டும் வேலை மாடு பார்க்கும் சங்கிலிபூதத்தானுக்கு வந்தது. குழாயைப் பிடிக்கும் கௌரவத்தைப் பிள்ளையே எடுத்துக்கொண்டார். முதல் மாதம் தெருவிலுள்ள பெரிய மனிதர்கள் எல்லோரும் வரவழைக்கப்பட்டார்கள். காபி குடித்துக்கொண்டே, சங்கிலிபூதத்தான் வியர்வை சொட்டச் சொட்ட இழுப்பதைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இரண்டாம் மாதம் எந்திரத்தின் இழுவை குறைந்தது. குழாய் வாய்க்கு நேரே கிடந்த பாக்குத்தூள்கூட அசையவில்லை.

“என்னலே, தூங்கிக்கிட்டே ஆட்டுதியா?” என்றார் பிள்ளை.

“இல்ல எசமான். பிடி முன்னைக்கு இப்பம் கனக்கு. உள்ள காத்து எங்கயோ அடைபடுது.”

“மாடு மேய்க்கிறவன் எனக்குக் காத்தைப் பத்திச் சொல்லுதான்.”

கதவோரம் நின்ற பிரம்மநாயகி, “அந்தப் பையை அவுத்துக் கொட்டினீகளா?” என்று கேட்டாள். யாரும் கொட்டியிருக்கவில்லை. அவிழ்த்துப் பார்த்தால் ஒரு மாதத் தூசி களிமாதிரி கட்டியாகக் கிடந்தது. அதைத்தான் சொல்ல வாயெடுத்ததாகப் பிள்ளை சொல்லிக்கொண்டு, பையை வெளுக்கப் போடச் சொன்னார்.

துணி வெளுக்கும் முப்பிடாதி நான்கு நாளில் பையைக் கொண்டுவந்தாள். அதை மாட்டி இழுத்தால், இருந்த கொஞ்ச இழுவையும் போய்விட்டது. பிள்ளை சங்கிலிபூதத்தானை அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்தினார். அடுத்து வந்தவனை மூன்றாம் நாள் விரட்டினார். துருத்தித் தோல் காய்ந்துவிட்டதென்று விளக்கெண்ணெய் பூசினார். எண்ணெய் கம்பளத்தில் சொட்டியது. ஏமாற்றிவிட்டதாகத் துரைக்குச் சீமைக்கே கடிதம் எழுதினார். விலாசம் தெரியாததால் அது மேஜையிலேயே கிடந்தது.

கடைசியில் மேலப்பாளையத்திலிருந்து ஷேக் மைதீனை வரவழைத்தார்கள். நாடகக் கம்பெனிகளுக்கு ஆர்மோனியம் பழுது பார்ப்பவர். துருத்தி அவருக்குப் பழகின சங்கதி. பிள்ளை கால்மணி நேரம் எந்திரத்தின் சரித்திரத்தைச் சொன்னார். ஷேக் மைதீன் கேட்டமாதிரியே தெரியவில்லை. ஒரு கையால் பிடியை ஆட்டிக்கொண்டு, மறு உள்ளங்கையைக் குழாய் வாயில் வைத்துப் பார்த்தார். இழுவை இல்லை. குழாயைக் கழற்றிவிட்டுப் பெட்டியின் வாயில் கையை வைத்தார். அங்கேயும் இல்லை. “அப்பம் குழாய்ல கோளாறு இல்ல,” என்றார். பையைக் கழற்றிவிட்டுத் திரும்ப ஆட்டினார். உள்ளங்கை பெட்டியோடு ஒட்டிக்கொண்டது.

“துருத்தி சிங்கமா இருக்கு, பிள்ளைவாள். இன்னும் ஒரு வருஷத்துக்கு அதுக்கு எண்ணெய் வேண்டாம்.”

பிறகு பையை எடுத்துத் தரையில் வைத்தார். அது சாயாமல் நட்டமாக நின்றது. அதன் வாயில் வாய்வைத்து ஊதினார். கன்னம்தான் உப்பியது.

“பைக்குக் கஞ்சி போட்டிருக்கு,” என்றார். “துணியில கண்ணே இல்ல. காத்து எது வழியா போவும்?”

பிள்ளை உடனே முப்பிடாதியைக் கூப்பிட்டனுப்பினார். அவள் ஈரக்கையோடு வந்து நின்றாள்.

“யாரு உன்னக் கஞ்சி போடச் சொன்னா?”

“நீங்கதான் எசமான். இந்த வீட்டுத் துணி எதுவும் மொடமொடப்புக் கொறையக்கூடாதுன்னு பத்து வருஷமாச் சொல்லுதீக. போன தீவாளிக்குத் தலையணை உறை தொவண்டிருக்குன்னு திருப்பி அனுப்புனீக.”

“இது துணியா?”

“துணியில்லாம பின்ன என்ன எசமான்?”

பிள்ளைக்குக் காது மடல் சிவந்தது. குற்றத்தை வைக்க ஓர் ஆளைத் தேடி ஷேக் மைதீனைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். இருவரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். “சரி, சரி, போ,” என்று முப்பிடாதியை அனுப்பிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பையை வெறுந்தண்ணீரில் நான்குமுறை அலசிக் காயவைத்தார்கள். இழுவை பழையபடி வந்தது. ஆனால் இழுக்க ஆளில்லை. சங்கிலிபூதத்தான் அதற்குள் ரயில்பாதையில் கல் போடப் போய்விட்டான். கூப்பிடப் போன ஆளிடம், “அங்கன ரயிலு வந்தா ஒதுங்கி நிக்கச் சொல்லுதாங்க. அவுக வீட்டுல அதுகூடச் சொல்ல மாட்டாக. வரலன்னு சொல்லும்,” என்றானாம்.

ஒரு காலையில் பிள்ளையே பிடியைப் பிடித்தார். பிரம்மநாயகி குழாயைப் பிடித்தாள். இருபது இழுப்பு இழுத்ததும் அவர் வேஷ்டி நனைந்து, மூச்சு வாங்கியது. முப்பதில் நின்றுவிட்டார்.

“இந்தக் கம்பளத்தை நெய்தவன் சரியான மடையன்,” என்றார். “தூசியை இப்படியா பிடிச்சு வச்சிருக்கும்?”

பிரம்மநாயகி குழாயைக் கீழே வைத்துவிட்டு, கம்பளத்தைச் சுருட்டி மச்சில் போட்டாள். மறுநாள் ஆள் வைத்து எந்திரத்தையும் ஏற்றினாள். கூடத்தில் பாய் விரித்தாகிவிட்டது. எந்திரம் என்னவாயிற்று என்று கேட்டவர்களிடம், அதன் கோளாறைத் தாமே ஆராய்ந்து கண்டுபிடித்ததைப் பிள்ளை வெகுநேரம் விளக்கினார். கேட்டவர்கள் மச்சுப் பக்கம் பார்த்தார்கள். யாரும் அதைக் கீழே இறக்கச் சொல்லவில்லை.