செத்துப் பழகிய யோசேப்

கப்பல்துறைக்குப் பக்கத்து மணலில் யோசேப் மறுபடியும் விழுந்தார். முழங்கால் மடிந்தது, பிறகு இடுப்பு, கடைசியாகத் தலை. அசையாமல் கிடந்தார். ஒரு கழுதை வந்து அவர் காதை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்தது. எழுந்து தோளில் ஒட்டிய மணலைத் தட்டியவர், சுங்கக் கந்தோரில் எழுத்தராக இருந்த நான் வாசலில் நிற்பதைக் கண்டு வெட்கப்பட்டார்.

“ஒண்டுமில்லை ஐயா. செத்துப் பழகிறன்.”

போன வருடத் தவக்காலம் முழுவதும் அவர் அப்படித்தான் விழுந்துகொண்டிருந்தார். தலைமன்னாரில் தனுஷ்கோடிக் கப்பலுக்குப் பெட்டி படுக்கை தூக்குவது அவர் தொழில். தலையில் துரைமாரின் இரும்புப் பெட்டி இருக்கும். உதட்டில் ஏதாவது ஒரு கூத்து விருத்தம் இருக்கும். என்ன முணுமுணுப்பு என்று ஒரு துரை அதட்டியபோது, “செபம் சொல்லுறன் துரை” என்று தப்பிவிட்டார்.

உயிர்த்த ஞாயிற்றுக்குப் பிறகு மன்னார் பட்டினத்தில் கூத்து நடக்கும். கோவில் முற்றத்து மேடை பழைய குடும்பங்களுக்கு உரியது. அங்கே ராசா வேடம் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும். அதில் இடம் கிடைக்காத மூட்டைக்காரர், வலைகாரர், வண்டிக்காரர் எல்லோரும் கடலோரப் பொட்டலில் மணலைக் குவித்துத் தங்களுக்கென்று ஒரு களரி அமைத்துப் பிற்பகல்களில் ஆடுவார்கள். யோசேப் அங்கே சம்பளமில்லாத வேலைக்காரராகப் போய்ச் சேர்ந்தார். களரியைச் சுற்றிக் கப்புக் கம்புகள் நடுவார், வேலிக்குத் தென்னங்கிடுகு கட்டுவார், ஆடுகிறவர்களுக்குத் தண்ணீர் அள்ளி வைப்பார். ஒருவரும் பார்க்காதபோது இளவரசனின் முடியை எடுத்துத் தலையில் வைத்து, உடனே கழற்றிவிடுவார்.

அந்தக் களரியை நடத்திய சந்தியோகு அண்ணாவியார் அதைப் பார்த்துவிட்டார்.

“உனக்குப் பாட்டு வராது. சாக வருமோ?”

“வரும் அண்ணாவியார்.”

போரில் வெட்டுண்டு சாகும் இளவரசன் வேடம் கிடைத்தது. ஒரு விருத்தம் பாடிவிட்டு விழவேண்டும். பிறகு தாயான அரசி ஒப்பாரி பாடி முடிக்கும்வரை பிணமாகக் கிடக்கவேண்டும். அரசியாக ஆடியவர் அம்புறோஸ் என்ற வண்டிக்காரர். அதற்காக ஆசையாய் வளர்த்த மீசையை எடுத்தவர்.

யோசேப்புக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. அது அவருடைய தாய் மதலேனம்மா. மூத்த மகன் பஸ்ரியன் மீன்பிடிக்கப் போய்த் திரும்பவில்லை. மணல்திட்டு ஒன்றில் வள்ளம் கவிழ்ந்து கிடந்தது, உடல் கிடைக்கவில்லை. மகன் நீந்தி இராமேசுவரத்தில் கரையேறி அங்கேயே தொழில் செய்கிறான் என்பது அந்தத் தாயின் முடிவு. கப்பல் வரும்போதெல்லாம் துறைக்கு வந்து, இறங்குகிற ஒவ்வொரு முகத்தையும் பார்ப்பார். இறந்தவர் பூசை வைக்கச் சொன்ன பங்குச் சாமியாரிடம், “உயிரோட இருக்கிறவனுக்கு என்னத்துக்குச் சாமி செத்த பூசை?” என்று கேட்டார். மகனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை.

“அம்மாவுக்கு ராசா வேசம் எண்டுதான் சொல்லியிருக்கிறன்” என்றார் யோசேப். “மன்னாருக்கு அவ எங்க வரப்போறா?”

மதலேனம்மா வந்தார். ரயிலில் எனக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தார். வெளுத்த சேலையும் கழுத்தில் செபமாலையுமாக, “என்ர மோன் ராசாவாய் வாறான்” என்று பெட்டியிலிருந்த எல்லோருக்கும் சொன்னார்.

யோசேப் நன்றாகவே விழுந்தார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அம்புறோஸ் வந்து பக்கத்தில் மண்டியிட்டு ஒப்பாரியை எடுத்தார். முதல் அடி முடியுமுன் மதலேனம்மா எழுந்துவிட்டார். உட்கார்ந்திருந்தவர்களை விலக்கிக்கொண்டு களரியில் ஏறினார். அம்புறோஸின் கையைத் தள்ளிவிட்டு, மகனின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“பஸ்ரியா... என்ர பஸ்ரியா... உன்னைத் தண்ணிக்குள்ள விட்டிட்டு நான் சோறு திண்டனானே!”

மத்தளம் நின்றது. அம்புறோஸ் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு ஒதுங்கி நின்றார். தாய் நெஞ்சில் அடித்து அழுதார். யோசேப்பின் பெயரை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. யோசேப் கண்ணைத் திறக்கவுமில்லை. வயிறு மட்டும் ஏறி இறங்குவது எனக்குத் தெரிந்தது. தாய் அழுது தானாக ஓயும்வரை அவர் அப்படியே கிடந்தார்.

திரும்பி வரும்போது, ஏன் எழும்பவில்லை என்று யோசேப்பிடம் கேட்டேன்.

“நான் எழும்பினா அவ அழுகையை நிப்பாட்டியிருப்பா ஐயா. அண்ணனுக்கு இவ்வளவு நாளும் ஒருத்தரும் அழேல்லை.”

மதலேனம்மா கறுப்புச் சேலைக்கு மாறினார். பஸ்ரியனுக்கு இறந்தவர் பூசை ஒப்புக்கொடுத்தார். துறைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். பாரம் இறங்கிவிட்டது என்று யோசேப் நம்பினார். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டிருந்த தாய், அவர் முகத்தைப் பாராமலே சொன்னார்:

“ராமேசுவரத்தில இருந்த பிள்ளையை நீதானே கொண்டுவந்து கிடத்தினனீ.”

அதன் பிறகு தாய் அவரோடு பேசுவதில்லை. தட்டில் சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்விடுவார்.

“கோவமெண்டு சொல்லேலாது ஐயா” என்றார் யோசேப். “என்னைப் பாக்கேக்கை அவவுக்கு அவன்ர பிரேதம் தெரியுது. அவ என்ன செய்யிறது?”

இந்த வருடம் அண்ணாவியாரே துறைக்கு வந்தார். போன வருடச் சாவை ஊரெல்லாம் பேசுகிறது என்றும் ராசா வேடத்தையே தருவதாகவும் சொன்னார். யோசேப் தலையிலிருந்த பெட்டியை இறக்காமலே பதில் சொன்னார்.

“வேண்டாம் அண்ணாவியார். நான் கப்பு நட வாறன்.”

சொன்னபடி போனார். கூத்தன்று நான் நேரத்தோடு போய்விட்டேன். கூட்டம் இன்னும் சேரவில்லை. இளவரசனாக ஆடப்போகும் புதியவர், வேலிக்குப் பின்னால் முகத்துக்கு அரிதாரம் பூசிக்கொண்டிருந்தார். களரியின் நடுவில், இளவரசன் விழும் இடத்தில், யோசேப் தனியாக முழந்தாளிட்டு, விரல்களால் மணலைக் கோதிக்கொண்டிருந்தார். உடைந்த சிப்பி ஒன்றையும் முள் ஒன்றையும் எடுத்து வெளியே எறிந்தார். உள்ளங்கையால் மணலைச் சமப்படுத்தினார். பிறகு குனிந்து, அந்த இடத்தில் தன் கன்னத்தை வைத்துப் பார்த்தார்.