நான்கு பெட்டிகளில் ஒரே பதினொன்று

பயிர்நோய் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு லென்ஸ் அக்கா என்று பெயர். எந்த மருந்துப் பெட்டியைக் கண்டாலும் கைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, மூலையில் எறும்பு வரிசை மாதிரி அச்சடித்திருப்பதை முழுக்கப் படித்துவிட்டுத்தான் கீழே வைப்பாள். இந்தப் புத்தி கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தால் அவளுடைய திராட்சைத் தோட்டம் பிழைத்திருக்கும்.

தோட்டத்தைக் கெடுத்தவன் வெளியாள் இல்லை, கூடப் பிறந்த அண்ணன். கடைவீதியில் பூச்சிமருந்துக் கடை வைத்திருந்தான். அப்பா பிரித்துக் கொடுத்த இரண்டு தோட்டங்களுக்கும் நடுவே ஒரு கம்பிவேலிதான். அவள் பக்கத்துக் கொடிகளில் இலைக்கு அடியில் வெள்ளைப் பஞ்சு மாதிரி அடிச்சாம்பல் நோய் வந்தபோது நேரே அண்ணன் கடைக்குத்தான் ஓடினாள்.

"ஒரே மருந்தை அடிச்சா பூஞ்சைக்குப் பழகிடும். மாத்தி மாத்தி அடிம்மா. இந்த வாரம் சிவப்புப் பெட்டி, அடுத்த வாரம் பச்சை. அப்புறம் நீலம், மஞ்சள்."

சொன்னதில் தப்பே இல்லை. தப்பு பெட்டிகளில் இருந்தது. நான்கு கம்பெனி, நான்கு பெயர், நான்கு நிறம். உள்ளே இருந்தது ஒரே வகை மருந்து. மூன்று வருஷம் அவள் பெட்டியைத்தான் மாற்றினாளே தவிர மருந்தை மாற்றவில்லை. ஒவ்வொரு தெளிப்பிலும் நோஞ்சான் பூஞ்சை செத்தது, கல்லுளிமங்கன் பூஞ்சை தப்பித்துப் பிள்ளைகுட்டி பெற்றது. மூன்றாவது வருஷ மழையில் மருந்து வெறும் தண்ணீராகிவிட்டது. ஒரே வாரத்தில் குலைகள் சுருங்கி உதிர்ந்தன. கொடிகளை வேரோடு பிடுங்கிப் போட்டார்கள். அவள் கணவர் லாரி ஓட்டப் போனவர்தான், இப்போது மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருகிறார்.

தெரியாமல் செய்துவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆய்வுக்கூடத்துக்கு இலையை எடுத்துக்கொண்டு போனபோது அங்கே இருந்த விஞ்ஞானி அம்மா நான்கு காலிப் பெட்டிகளையும் வாங்கித் திருப்பி, மூலையில் விரலை வைத்தார். மருந்து எந்த வகை என்று சொல்லும் எண் அது, நான்கிலும் ஒன்றேதான். குழு பதினொன்று. இந்த வகையை வருஷத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் தொடக்கூடாது, அதையும் வேறு மருந்தோடு கலந்துதான் அடிக்க வேண்டும் என்றார்.

வீட்டுக்கு வந்தவள் வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். அண்ணனுடைய கொடிகளில் ஒவ்வொரு இலையும் நீலம் பூத்திருந்தது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பழைய மருந்து. பூஞ்சையைப் பத்து இடத்தில் ஒரே நேரத்தில் அடிக்கும், அதற்குப் பழகவே முடியாது. அது என்னவென்று முன்பு ஒரு தடவை கேட்டதற்கு, சத்து மருந்து என்று வாய் கூசாமல் சொல்லியிருந்தான். ஊருக்கும் அதையேதான் சொல்லி வைத்திருந்தான். அந்த வருஷம் பெட்டிகளை அதிகம் விற்றதற்காகக் கம்பெனிக்காரர்கள் அவனையும் அண்ணியையும் கடற்கரைக்குச் சுற்றுலா அனுப்பினார்கள். தங்கைக்கு மறக்காமல் ஒரு சிப்பிச் சாவிக்கொத்து வாங்கி வந்தான். பாசக்காரன் இல்லையா!

அவள் அழவில்லை, சண்டைக்கும் போகவில்லை. ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தட்டு கழுவும் வேலைக்குச் சேர்ந்தாள். இலையை வட்டமாக வெட்டி மருந்துத் தண்ணீரில் மிதக்கவிட்டு, பூஞ்சை வித்து கலந்த நீரைச் சொட்டு விட்டு, ஒரு வாரம் காத்திருக்கக் கற்றுக்கொண்டாள். காத்திருக்கத்தான் அவளுக்கு நன்றாக வந்தது. அலமாரிச் சாவியை அந்தச் சிப்பியில்தான் மாட்டி வைத்திருந்தாள்.

இரண்டு வருஷம் கழித்து விவசாயிகள் சங்கக் கூட்டம். விஞ்ஞானி அம்மா பேசினார், இவள் தட்டுகளை மேஜையில் பரப்பினாள். நான்கு பெட்டி மருந்திலும், பத்து மடங்கு அளவில்கூட, வெள்ளைப் பஞ்சு கொழுகொழுவென்று வளர்ந்திருந்தது. முன்வரிசையில் இருந்த அண்ணனுக்கு வேர்த்தது.

"அண்ணே, உங்க தோட்டத்துக்கு இதுல எதை அடிக்கிறீங்க?" என்று மரியாதையாகக் கேட்டாள்.

துத்தம் என்று சொன்னால் ஊரை ஏமாற்றியது வெளியே வரும். "நானும் இதையேதான் அடிக்கிறேன். எனக்கு நல்லாத்தான் கேக்குது," என்றான் அவன்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். சங்கத் தலைவர் விடவில்லை. "அப்ப இந்த மழைக்கும் அதையே அடிங்க. உங்க தோட்டம் ரோட்டோரம்தானே, நாங்களும் போற வர்றப்ப பாத்துக்கறோம்."

மற்றவர்களுக்கெல்லாம் அவளே வீடு வீடாகப் போய்ச் சொன்னாள்: பதினொன்றை நிறுத்துங்கள், துத்தம் அடியுங்கள், கூடவே வேறு எண் போட்ட இரண்டு மருந்துகளை மாற்றி மாற்றிப் போடுங்கள், உதிர்ந்த இலையைப் பொறுக்கி எரியுங்கள். மழை வந்தது. ஊர்த் தோட்டங்கள் நீலமாக நின்றன. அண்ணன் தோட்டத்து இலை மட்டும் நீலமில்லாமல் பளிச்சென்று இருந்தது. வெறும் நிலத்தில் நின்றுகொண்டு வேலி வழியாக அவள் தினமும் பார்த்தாள். ஒன்பதாம் நாள் இலைக்கு அடியில் வெள்ளை தெரிந்தது. அவளுக்கு வயிறு குளிர்ந்தது, அதை அவள் யாரிடமும் மறைக்கவும் இல்லை.

பத்தாம் நாள் கைநிறைய இலையோடு அண்ணன் ஆய்வுக்கூடத்துக்கு வந்தான்.

"ஏதாவது வழி சொல்லும்மா."

"துத்தம் அடிண்ணே. மிச்சமாவது நிக்கும்."

"ரோட்டுல போறவன் நீலத்தைப் பாத்தா கதை முடிஞ்சுது. கடை போயிடும்."

"அப்ப மாத்தி மாத்தி அடி. இந்த வாரம் சிவப்பு, அடுத்த வாரம் பச்சை."

அவன் தலை குனிந்தான். மேஜைமேல் கிடந்த சிப்பிச் சாவிக்கொத்து கண்ணில் பட்டிருக்க வேண்டும், அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் இலையை வாங்கி, முறைப்படி வட்டமாக வெட்டி, தண்ணீரில் மிதக்கவிட்டு, தட்டில் அவன் பெயரை எழுதினாள்.

"ரிசல்ட் வர ஒரு வாரம் ஆகும்ணே."

"ஒரு வாரத்துல தோட்டமே போயிடும்மா."

"தெரியும். என்னோடதும் ஒரு வாரத்துலதான் போச்சு."