மூன்று போத்தல்களிலும் ஒரே கறை

சென்ற மாசி மாதம் மகளைக் கார் ஒன்று அடித்தது. அவள் பச்சை விளக்கில்தான் வீதியைக் கடந்தாள். கார் பனியில் சறுக்கி வந்தது. தொடை எலும்பு இரண்டு இடங்களில் முறிந்தது. இப்போதும் வெளியே பிரேக் சத்தம் கேட்டால் என் கை பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொள்கிறது.

மனைவி அன்றே கோயிலுக்கு நேர்த்திக்கடன் வைத்தாள். நானும் ஒன்று வைத்தேன். மகள் ஒருவர் கையையும் பிடிக்காமல், தடியும் இல்லாமல் படி ஏறும் நாளில், என்னிடம் இருப்பதில் மிகப் பழைய பிரெஞ்சு வைனைத் திறப்பதென்று மருத்துவமனைக் கதிரையில் இருந்தபடி முடிவெடுத்தேன்.

"போத்தலுக்கு நேர்த்தி வைச்ச முதல் சைவக்காரன் நீங்களாத்தான் இருப்பியள்" என்றாள் மனைவி.

நகரின் வெக்ஸ்போர்ட் பகுதியில் சிறிய அச்சகம் வைத்திருக்கிறேன். ஒருமுறை ஒரு வைன் ஏலப் பட்டியலை அச்சிட்டுக் கொடுத்தபோது பிடித்த ஆசை இது. வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ ஏலத்தில் எடுத்து, நிலவறையின் குளிர்ந்த மூலையில் படுக்க வைப்பேன். முதலில் வாங்கியது லேபலின் ஒரு மூலை கிழிந்த போத்தல். மிகப் பழையவை, இரண்டு வருடங்களுக்கு முன் ஒன்றாக எடுத்த மூன்று போர்தோ வைன் போத்தல்கள். என்னைவிட மூத்தவை.

தடியை விடும் நாள் நெருங்கிவிட்டது என்று இயன்முறை மருத்துவர் சொன்னார். பழைய வைனை ஒரு கிழமையாவது நிமிர்த்தி வைத்தால்தான் மண்டி அடியில் படியும். மூன்றையும் மேலே கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வரிசையாக நிறுத்தினேன். அப்போதுதான் கண்டேன். மூன்று லேபலிலும் இடது பக்கத்தில் மண்ணிறக் கறை. ஈரம் ஊறிய கறைதான். ஆனால் மூன்றிலும் ஒரே இடம், ஒரே வளைவு. நிலவறையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக் கிடந்தவற்றை நான் இப்படிச் சேர்த்துப் பார்த்ததே இல்லை.

அச்சகத்தில் இருந்து உருப்பெருக்கியை எடுத்துவந்து வைத்துப் பார்த்தேன். கறைக்குள் சின்னச் சின்னப் புள்ளிகள், மஞ்சளும் சிவப்பும் கறுப்புமாக. ஈரத்துக்குப் புள்ளி வராது. அச்சுக்குத்தான் வரும். எத்தனையோ கலியாண அழைப்புக் காட்டுகளைப் பழைய ஓலைபோல நானே செய்து கொடுத்திருக்கிறேன்: தேயிலைச் சாயத்தில் ஒரு தாளை நனைத்துக் காயவிட்டு, அதைப் படமெடுத்து, ஐந்நூறு தாளில் அடிப்பது. என் கைவேலையை என்னிடமே விற்றிருக்கிறார்கள்.

"வைன்தானே, அப்பா. திறவுங்கோ, குடிப்பம்" என்றாள் மகள்.

"பொய்ச் சாமானால நேர்த்தி தீராது."

அவள் சிரித்துவிட்டு, கைப்பேசியில் அவற்றை விற்ற ஏல நிறுவனத்தின் அடுத்த பட்டியலைத் தேடினாள். அதே திராட்சைத் தோட்டம், அதே ஆண்டு, இன்னும் இரண்டு போத்தல்கள். படத்தைப் பெரிதாக்கி என் முன்னால் நீட்டினாள். அதே கறை.

"வேற ஆரோ வாங்கப் போகினம்" என்றாள். பிறகு எழுந்து தடியை எடுத்தாள். "நானும் வாறன்."

மறுநாள் மூன்று போத்தல்களையும் துவாயில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு சுரங்க ரயிலில் ஏல நிறுவனத்துக்குப் போனோம். அங்கிருந்த வைன் நிபுணர் மரியாதையான மனிதர். முறைப்பாட்டுக்கான காலம் முடிந்துவிட்டது என்றார். பழைய நிலவறைகளில் ஈரம் இருக்கும், அதனால் கறையும் இருக்கும் என்றார். நான் கதிரையை விட்டு எழவில்லை. அடுத்த ஏலத்துக்கு வைத்திருக்கும் இரண்டையும் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தும்படி கேட்டேன். தயங்கினார். மூன்றாம் தடவை கேட்டபோது கொண்டுவந்தார்.

ஐந்து போத்தல்களில் ஒரே கறை. உருப்பெருக்கியை அவர் கையில் கொடுத்தேன். ஒவ்வொன்றாக, நீண்ட நேரம் பார்த்தார். பிறகு, அந்த இரண்டையும் ஏலத்திலிருந்து எடுத்துவிடுவதாகவும், என் பணத்தைப் பற்றி மேலிடத்தில் கேட்பதாகவும் சொன்னார். அதை எழுத்தில் தரச் சொன்னாள் மகள். எழுதி வாங்கும் வரை இருவரும் அசையவில்லை.

திரும்பும்போது, எங்கள் நிலையத்தில் லிஃப்ற்றுக்கு முன்னால் தள்ளுவண்டிகளோடு இரண்டு குடும்பங்கள் நின்றன. மகள் படிகளைப் பார்த்தாள்.

"தடியைப் பிடியுங்கோ, அப்பா."

"இண்டைக்கு வேண்டாம், பிள்ளை."

அவள் தடியை என் கையில் திணித்துவிட்டு ஏறத் தொடங்கினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு படி பின்னால் போனேன். பாதியில் திரும்பாமலே சொன்னாள்:

"கையைக் கீழ விடுங்கோ. ஆக்கள் பாக்கினம்."

"நான் பிடிக்கேல்லையே."

"பிடிக்கிற மாதிரி வாறீங்கள். பிறகு கணக்கில வராது எண்டு நீங்கள்தான் சொல்லுவீங்கள்."

கைகளைக் கீழே விட்டேன். தடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மிச்சப் படிகளை அவள் மெதுவாக ஏறி முடித்தாள். மேலே நின்று மூச்சு வாங்கினாள்.

"இப்ப எந்தப் போத்தல்?"

"கிழிஞ்ச லேபல். உள்ளதுக்குள்ள அதுதான் பழசு."

"அது ஒரிஜினலோ?"

"நேற்றே பாத்திட்டன். ஒரு புள்ளியும் இல்லை."

அன்று மாலை அதை நிலவறையிலிருந்து கொண்டுவந்து சமையலறை மூலையில் நிமிர்த்தி வைத்தேன். மனைவி சோற்றுக் குக்கரைத் தள்ளி இடம் விட்டாள். மண்டி இறங்க ஏழு நாள் ஆகும். அதுவரை ஒருவரும் அசைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.